பொண்ணு, பையன் ரெண்டு பேரும் செஸ் ஆடுறாங்க... ரேட்டிங் டோர்னமெண்ட்டுக்கு பையனை மட்டும் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க, என்ன பண்றது?

மலைக்கோட்டை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்கு நானே கேக்க வேண்டியதாயிடுச்சு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

எங்களுக்கு திருச்சி. பொண்ணு ஆறாவது, பையன் மூணாவது. செஸ்ஸை வீட்டுக்குள்ள கொண்டு வந்ததே பொண்ணுதான். 2022ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்போ ஸ்கூலுக்கு ஸ்கூல் போட்டி வச்சாங்கல்ல, எங்க பாத்தாலும் வேட்டி கட்டின அந்த தம்பி குதிரை, அப்போ ஸ்கூல்ல சாயங்காலம் ஒரு கிளாஸ் ஆரம்பிச்சாங்க, அதுல சேத்துவிட்டோம். பையன் அப்போ சின்னப் பையன், அக்கா வீட்டுப்பாடமா கொண்டு வர்ற பசிலை பக்கத்துல உக்காந்து எட்டி எட்டிப் பாத்தே கத்துக்கிட்டான். இப்போ அவளையே ஜெயிக்கிறான். ஞாயித்துக்கிழமை நடக்குற ஒரு நாள் ரேபிட் டோர்னமெண்ட்டுக்கெல்லாம் கரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவோம், அவன் கோப்பையோட வருவான், இவளுக்கு எல்லாருக்கும் குடுக்குற மெடல் கிடைக்கும். ஷோகேஸ்ல இடமே இல்ல, அவளோட பழைய ஷீல்டை எடுத்து மேல பரண்ல வச்சுட்டு இவனோடதை வச்சாங்க எங்க மாமியார், அவ அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

இப்போ கோச் சொல்றார், பையனை ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) ஆட்டத் திறமைக்கு நம்பர் குடுக்குற ரேட்டிங் டோர்னமெண்ட்ல எறக்குங்க, பொண்ணுக்கு இது ஹாபியா இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் பர்சனல் கிளாஸ் எடுத்தா உங்களுக்குத்தான் செலவுன்னு. அவர் நல்லவர்தான், காசுக்காக சொல்லல. என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான் சாயுறார். மாமியார் சொல்றதை நான் இங்க எழுதலை, நீங்களே ஊகிச்சுக்கோங்க.

போன தடவை பொண்ணு நான் ஆடலைன்னு சொல்லிட்டா, சரின்னு அவன் பேரை மட்டும் குடுத்தோம். ஆனா வீட்ல தனியா விட முடியாதே, கூட வந்தா. மண்டபத்துக்கு வெளிய நாள் பூரா உக்காந்திருந்தா, கையில அவன் தண்ணி பாட்டில், மடியில அவன் பேக். சாயங்காலம் பஸ்ல வர்றப்போ என்கிட்ட மட்டும் கேட்டா, "நான் என்ன இவனுக்கு பேக் தூக்க வந்தேனாம்மா?"ன்னு. எனக்கு பதில் வரல.

இன்னொண்ணு, பையன் தோத்தா அழுவான். சாதாரண அழுகை இல்ல, ஹாலை விட்டு வெளிய வர்றப்பவே தேம்பிட்டு வருவான், அடுத்த ரவுண்டுக்கு முகம் கழுவி உள்ள தள்ளணும். என் வீட்டுக்காரர் வேற சும்மா இருக்காம எப்படிடா தோத்த, யானையை எங்க விட்ட, ஏன் பாக்கலைன்னு ஆரம்பிச்சுடுவார், அதுவோ மூவையெல்லாம் குறிச்சு வைக்கிற நோட்டேஷன் எழுதாத ரேபிட் கேம், மூணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும் சொல்லுங்க.

ரேட்டிங் டோர்னமெண்ட்டுக்கு இதுதான் வயசா, எவ்வளவு செலவு ஆகும், இந்த அழுகை நிக்குமா, பொண்ணை என்ன பண்ணட்டும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கொங்கு_அப்பா:

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன். எம்பொண்ணு அண்டர் 13 ஆடறா, ரேட்டிங் வாங்கி ரெண்டு வருசம் ஆச்சுங்க. பையன் இல்ல, அதனால உங்க கடைசிக் கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லைங்க, மத்ததுக்கு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை ரேபிட்டும் ரேட்டிங் டோர்னமெண்ட்டும் ஒண்ணே இல்லைங்க. ரேபிட் காலைல போனா சாயங்காலம் பரிசு வாங்கிட்டு வந்தர்லாம். இது நாலஞ்சு நாள் நடக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு ரவுண்டு, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், அது போக ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்ட் சேரும். ஒரு கேம் நாலு மணி நேரம் போகும்ங்க. எட்டு வயசுப் பையன் நாலு மணி நேரம் உக்காருவானான்னு நீங்கதான் சொல்லணும். முதல் டோர்னமெண்ட்ல எம்பொண்ணு பத்து நிமிசத்துல ஆடி முடிச்சிட்டு வந்துட்டா, எதிர்ல உக்காந்திருந்த ரிட்டயர்டு மாமா அப்பத்தான் கண்ணாடியவே தொடச்சிட்டிருந்தார். கிளாக்ல ஒரு மணி இருபது நிமிசம் அப்படியே மிச்சம்.

செலவுன்னு பாத்தா என்ட்ரி ஃபீஸ் பெருசில்லைங்க, ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுரும். ரூமு, சாப்பாடு, போக்குவரத்து, அது போக கூட வர்ற ஆளோட லீவு, அதுதான் செலவு. எங்க வூட்ல ஒரு ஓபன் டோர்னமெண்ட் போய்ட்டு வந்தா பதினஞ்சாயிரம் பக்கம் ஆயிருது. நாங்க இப்ப கேம்ப் மாதிரி போறம், மூணு குடும்பம் சேந்து ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்து அங்கயே சோறு ஆக்கிக்கறது. பிரக்ஞானந்தா அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுக்குப் போனாக்கூட குக்கரும் மசாலாவும் எடுத்துட்டுப் போயி ரசம் சோறு ஆக்கிப் போடுவாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அது ஏதோ அம்மா பாசம்னு எழுதறாங்க. பாசமெல்லாம் இருக்கட்டும்ங்க, மத்தியானம் எதையோ தின்னு பிள்ளைக்கு வயிறு கெட்டா ரெண்டாவது ரவுண்டு போச்சு, அத்தனை ரூவாயும் போச்சு.

அழுகை பத்தி. நிக்கும்ங்க. ஆனா நம்ம நிறுத்தச் சொன்னா நிக்காது. எங்க வூட்ல ஒரே ஒரு சட்டம்தான், ஹாலுக்கு வெளிய வந்ததும் ஜெயிச்சியா தோத்தியான்னு கேக்கறதில்லை. பசிக்குதான்னு மட்டும் கேப்பேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுமில்லைங்க, அதைப் போய் வாய்விட்டு வேற கேக்கணுமா? சாப்பிட்டு முடிச்சு கைகழுவறப்ப அவளே ஆரம்பிப்பா, "அப்பா அந்தக் குதிரைய நான் பாக்கவே இல்ல"ன்னு. அப்பக்கூட நான் ஒண்ணும் சொல்றதில்ல, எனக்கு அவ ஆடற ஆட்டம் பாதி புரியாதுங்க. அதுவே ஒரு வகைல வசதி. உங்க வீட்டுக்காரருக்கு செஸ் நல்லா தெரியும் போலிருக்கு, அதான் சிக்கல்.

ஆர்பிட்டர்_அண்ணன்:

நான் சென்னைல ஆர்பிட்டரா, அதாவது செஸ் நடுவரா இருக்கேன், ரேட்டிங் கணக்கு சம்பந்தமா சொல்லிடுறேன், நிறைய பேரண்ட்ஸ் இதுலதான் குழம்புறாங்க.

முதல் ரேட்டிங் வர்றதுக்கு ஏற்கனவே ரேட்டிங் இருக்கிற அஞ்சு பேரோடயாவது ஆடியிருக்கணும். ஒரே டோர்னமெண்ட்ல அஞ்சும் வரணும்னு இல்ல, ரெண்டு வருஷத்துக்கு மேலயே டைம் இருக்கு. முதல் டோர்னமெண்ட்ல ஒரு டிரா கூட இல்லாம எல்லாமே முட்டைன்னா அது கணக்குலயே எடுக்க மாட்டாங்க, அதனால பயப்பட வேண்டாம். 2024 மார்ச்ல ஃபிடே கீழ் எல்லையை 1000த்துல இருந்து 1400க்கு ஏத்திட்டாங்க, 1400க்குக் கீழ கணக்கு வந்தா ரேட்டிங்கே கிடையாது. முன்னாடி 1050, 1100ன்னு வாங்கிட்டு இருந்த குட்டீஸ்க்கு இப்போ கொஞ்சம் காத்திருக்கணும்.

ரேட்டிங் வந்துடுச்சுன்னா 18 வயசு வரைக்கும், 2300க்குக் கீழ இருக்கிற வரைக்கும், கே ஃபேக்டர், அதாவது ஒரு கேம்ல ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும்னு முடிவு பண்ற எண், 40. சமமான ரேட்டிங் உள்ளவனை ஜெயிச்சா 20 பாயிண்ட் ஏறும், தோத்தா 20 இறங்கும். நல்லா ஆடுற பையன் ஒரே டோர்னமெண்ட்ல 100 பாயிண்ட் ஏறுவான், அடுத்ததுல 120 இறங்குவான், அப்பாங்க ஹார்ட் அட்டாக் வர்ற மாதிரி போன் பண்ணுவாங்க. சின்னப் பிள்ளைங்க ரேட்டிங்குக்கு அவ்வளவுதான் அர்த்தம், ஒரு மாசத்து நம்பரை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

சம பாயிண்ட் உள்ளவங்களை மோத விடுற ஸ்விஸ் முறைல, முதல் ரவுண்டுல ரேட்டிங் வரிசை லிஸ்ட்டை ரெண்டா வெட்டி மேல் பாதில முதல் ஆளுக்கு கீழ் பாதில முதல் ஆள்னு போடுவோம். ரேட்டிங் இல்லாத பையன் கீழ்ப் பாதில இருப்பான், அதனால முதல் ரவுண்டுல அவனை விட ரொம்பப் பெரிய ஆள்தான் வருவாங்க. தோப்பான். ரெண்டாவது ரவுண்டுல இருந்துதான் அவனுக்கு டோர்னமெண்ட்டே ஆரம்பிக்குதுன்னு முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டு வாங்க, பாதி அழுகை அதுலயே குறையும். ராத்திரி செஸ் ரிசல்ட்ஸ் சைட்ல பேரிங், அதாவது யாருக்கு யார்னு வந்ததும் எதிராளி பேரைத் தேடி அவன் 1900, அண்டர் 15 ஸ்டேட் பிளேயர்னு பிள்ளைகிட்ட படிச்சுக் காட்டுறாங்க பாருங்க, அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம், அவன் நிம்மதியா தூங்கட்டும்.

சின்னப் பசங்களுக்கு ஓப்பனிங் சொல்லிக் குடுக்குற அளவுக்கு ரூல்ஸ் சொல்லிக் குடுக்குறதில்ல. போன மாசம் அண்டர் 9ல ஒரு கேம். எதிர்ல இருந்த பையன் செக் வச்சுட்டு சத்தமா "செக்மேட்"னான். இந்தப் பொண்ணு போர்டைப் பாக்காம கையைக் குடுத்துடுச்சு, ரிசல்ட் ஷீட்ல கையெழுத்தும் போட்டாச்சு. நான் வந்து பாக்குறேன், ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு தாராளமா போகலாம். கை குடுத்துக் கையெழுத்தும் போட்டப்புறம் நான் என்ன செய்ய முடியும்? எதிராளி என்ன சொன்னாலும் கையை மடியில வச்சுக்கிட்டு நீயே ஒரு தடவை பாரு, சந்தேகம்னா கிளாக்கை நிறுத்திட்டு கையைத் தூக்குன்னு வீட்லயே பழக்குங்க. எதிராளி தப்பான மூவ் ஆடி கிளாக்கை அமுக்கிட்டா உடனே எங்களைக் கூப்பிடணும், ரெண்டு நிமிஷம் உங்க பிள்ளைக்கு கூடக் கிடைக்கும், ரெண்டாவது தடவையும் அப்படி ஆடினா கேமே போச்சு அவனுக்கு. இது தெரியாம அவன் கூடவே சேந்து பேசிப் பேசி மூவைத் திருத்திக்கிறாங்க குழந்தைங்க.

உங்க பொண்ணைப் பத்தி ஆர்பிட்டரா ஒரு விஷயம், கேர்ள்ஸ் கேட்டகரி தனியா இருக்கு, ஓபன்லயும் ஆடலாம். தம்பியோட ஏன் ஒப்பிடுறீங்க, அவ வயசு வேற, கேட்டகரி வேற.

நேர்ல_பேசு:

எல்லாரும் நைசா பேசுறாங்க, நான் ஓப்பனா சொல்றேன், கோச்சுக்காதீங்க சிஸ்டர். நடுத்தரக் குடும்பத்துல ரெண்டு பிள்ளைங்களை செஸ்ல வச்சுக் காப்பாத்த முடியாது. யாருக்கு வருதோ அவங்களுக்குப் போடுங்க. குகேஷ் அப்பா டாக்டர் ரஜினிகாந்த் ஈஎன்டி பிராக்டிசையே விட்டுட்டு பையன் கூட ஊர் ஊராப் போனார், வீடு அம்மா சம்பளத்துல ஓடுச்சு, தெரிஞ்சவங்க உதவி பண்ணாங்க, பையன் நாலாவதுக்கு மேல ரெகுலரா ஸ்கூலுக்கே போகல. அப்படி முழுசா எறங்கினதாலதான் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரெனை ஜெயிச்சு 18 வயசுல உலக சாம்பியன். அரைகுறையா ரெண்டு பேருக்கும் செஞ்சா ரெண்டும் உருப்படாது. அக்கா பீல் பண்ணுவா, ரெண்டு மாசத்துல சரியாயிடும். ஷட்டில் சேத்துவிடுங்க.

கொங்கு_அப்பா:

அட ஏனுங்க இப்படி. குகேஷ் ஒருத்தர் ஜெயிச்சது தெரியுது, அதே மாதிரி வேலைய விட்டுட்டு எறங்கி பாதில திரும்பினவங்க எத்தனை பேருன்னு யாராச்சும் பேப்பர்ல போடறாங்களா? 1988ல ஆனந்த் ஜிஎம், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஆனப்ப இந்தியாவுக்கே அவர் ஒருத்தர்தான். இன்னிக்கு எண்பதுக்கு மேல இருக்கறாங்க, அதுலயே செஸ் ஆடி மட்டும் குடும்பம் நடத்த முடியறவங்க கொஞ்சம் பேருதான், மத்தவங்க கோச்சிங் எடுக்கறாங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போறாங்க. மூணாவது படிக்கற பையனை வச்சு இந்தக் கணக்கெல்லாம் போடறதே தப்புங்க.

கறுப்பு_குதிரை:

லாகின் பாஸ்வேர்டே மறந்துபோய் மாத்தி உள்ள வந்து எழுதுறேன், ஏன்னா அந்தப் பேக் தூக்குற வரியைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல. நான்தான் அந்த அக்கா. எங்க ஊர் மதுரை, இப்போ வேலை பெங்களூர்ல. என் தம்பி ஸ்டேட் லெவல் வரைக்கும் ஆடினான்.

எங்க வீட்ல யாரும் என்னை ஆடாதன்னு சொல்லவே இல்ல, அதை முதல்ல சொல்லிடுறேன். சொல்லியிருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன். சும்மா கொஞ்சம் கொஞ்சமா நடக்கும். என் கிளாஸ் டைம் தம்பி கிளாசுக்கு இடைஞ்சலா இருக்குன்னு மாறும், அப்புறம் மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் ஆகும், அப்புறம் கோச் லீவுன்னு நிக்கும், திரும்ப ஆரம்பிக்க யாருக்கும் ஞாபகம் வராது. லேப்டாப்ல அவன் அக்கவுண்ட்தான் திறந்திருக்கும். சொந்தக்காரங்க வந்தா "இவளும் முன்னாடி ஆடுவா"ம்பாங்க. முன்னாடி! எனக்கு அப்போ பன்னெண்டு வயசு.

நேர்ல_பேசு சொல்றார் ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு. ஆயிடும், வெளிய பாக்க. நான் ஷட்டில் இல்ல, பரதநாட்டியம் போனேன், ஒண்ணும் சொல்லல, சிரிச்சுட்டே போனேன்.

உங்க பொண்ணு விஷயத்துல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவ தோத்தது போர்டுலயா? மூணு வயசு சின்னவன், தான் சொல்லிக் குடுத்தவன், தன்னையே வீட்டு ஹால்ல எல்லார் முன்னாடியும் ஜெயிக்கிறான், அதைப் பாத்து பாட்டி கை தட்டுறாங்க. அதுக்கப்புறம் எந்தக் குழந்தை உக்காந்து ஆடும்? முதல் வேலையா வீட்ல அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஆடுறதை கொஞ்ச நாள் நிறுத்துங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா லிச்செஸ்ங்கற செஸ் சைட்ல அக்கவுண்ட், அது ஃப்ரீதான். பாஸ்வேர்டு அவங்கவங்க கிட்ட இருக்கட்டும், யார் எவ்வளவு பசில் போட்டாங்கன்னு சாப்பாட்டு நேரத்துல பேசாதீங்க. ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட்டுக்கு ஒரு வாரம் அவ, ஒரு வாரம் அவன், அவளோட வாரத்துல தம்பி வீட்ல பாட்டி கூட இருக்கட்டும். இது கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா அம்மா தனக்காக மட்டும் பஸ் ஏறி வர்றாங்கங்கறது அந்த வயசுல எவ்வளவு பெரிசுன்னு நான் சொல்றேன் கேட்டுக்கோங்க.

பிரக்ஞானந்தாவோட அக்கா வைஷாலி கதையையும் கொஞ்சம் சேத்துப் படிக்கணும் இங்க. டிவி பாக்குறதைக் குறைக்கத்தான் அவங்களை செஸ்ல சேத்தாங்க, தம்பி அக்காவைப் பாத்து வந்தவர். பிரக்ஞானந்தா 2018லயே பன்னெண்டு வயசுல ஜிஎம் ஆயிட்டார், அக்கா ஜிஎம் பட்டத்துக்கு வேண்டிய 2500 ரேட்டிங்கைத் தாண்டினது 2023 டிசம்பர்ல. நடுவுல அஞ்சு வருஷம், போற இடமெல்லாம் பிரக்ஞானந்தாவோட அக்கான்னுதான் சொல்லியிருப்பாங்க. அந்த அஞ்சு வருஷத்துல அவங்க வீட்ல ஒருத்தர் "பொண்ணுக்கு ஹாபியா இருக்கட்டும்"னு முடிவு பண்ணியிருந்தா? 2023ல மகளிர் கிராண்ட் சுவிஸ் ஜெயிச்சு, 2024ல, உலக சாம்பியனோட மோதப் போறது யாருன்னு முடிவு பண்ற டொராண்டோ கேண்டிடேட்ஸ்ல அக்காவும் தம்பியும் ஒரே சமயத்துல ஆடினாங்க, அந்த வருஷமே புடாபெஸ்ட் ஒலிம்பியாட்ல ரெண்டு பேர் டீமும் தங்கம். உங்க பொண்ணு வைஷாலி ஆவாள்னு நான் சொல்லல. பதினோரு வயசுல யாருக்கும் எதுவும் முடிவாகலைன்னு மட்டும் சொல்றேன்.

நான் காலேஜ்ல திரும்ப ஆரம்பிச்சேன், யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் இல்லன்னு ஒரு சீனியர் இழுத்துட்டுப் போனாங்க. இப்பவும் லீவு கிடைச்சா ரேட்டிங் டோர்னமெண்ட் ஆடுறேன், 1600 சொச்சம், எட்டு வயசு வாண்டுங்ககிட்ட எல்லாம் தோக்குறேன், ஜாலியா இருக்கு. தம்பி? பத்தாவதோட நிறுத்திட்டான். அவன் அந்தக் கதையைச் சொன்னா வேற மாதிரி சொல்லுவான், அவனுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பரீட்சை மாதிரி இருந்துச்சாம், எங்களுக்கு யாருக்கும் தெரியல.

ரிட்டயர்டு_தாத்தா:

பேரனைக் கூட்டிக்கொண்டு டோர்னமெண்ட் போகிற தாத்தா நான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், எனக்கு பென்ஷனும் நேரமும் இருக்கிறது. ஹாலுக்கு வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து நான் கண்டது, உள்ளே ஆடுகிற குழந்தைகளை விட வெளியே இருக்கிறவர்களுக்குத்தான் பி.பி. ஏறுகிறது. போனை எல்லாம் உள்ளே விடுவதில்லை, பெற்றவர்களையும் விடுவதில்லை, அது மிகவும் சரி. ஆனால் ஒரு ஜன்னல் கிடைத்துவிட்டால் போதும், நாலு அப்பாக்கள் அதில் தொங்குகிறார்கள். குழந்தை தலையைத் தூக்கினால் அப்பா முகம். அப்பா உதட்டைப் பிதுக்கினால் குழந்தை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறது. பிறகு எங்கே ஆடுவது?

நீடாமங்கலம் பக்கத்தில் திருப்பூவனூர் என்று ஒரு தலம், சுவாமிக்கு சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர். ராஜகுமாரியை சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாமல் கடைசியில் சிவபெருமானே வயோதிகராக வந்து ஆடி ஜெயித்தார் என்பது தல வரலாறு. செஸ் ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்கே போய் அர்ச்சனை செய்கிறார்கள், திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஊரில் எல்லோரையும் தோற்கடித்தது அந்தப் பெண்தான். அவளை ஜெயிக்க சாட்சாத் பரமேஸ்வரனே இறங்கி வர வேண்டியிருந்தது. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சென்னையில் விஜயலட்சுமி, மீனாட்சி, பானுபிரியா என்று மூன்று சகோதரிகளும் ஆடினார்கள், விஜயலட்சுமி 2001ல் பெண்களுக்கென்றே உள்ள மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை நாட்டில் முதலில் வாங்கியவர். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குச் செய்ய முடியாது என்று யாரோ எழுதியிருந்தார்கள், அதற்காகச் சொன்னேன்.

நேர்ல_பேசு:

தாத்தா செம. ஆனா அந்தக் காலத்துல கோச்சிங் ஃபீஸ் இப்ப மாதிரி இல்லையே. நான் சொன்னது காசு கணக்கு மட்டும்தான், பொண்ணு வேண்டாம்னு சொல்லல. கறுப்பு_குதிரை எழுதினதைப் படிச்சேன், அந்த மாறி மாறி ஒரு வாரம் ஐடியா நல்லாருக்கு, அதுக்குச் செலவும் கூடல.

மலைக்கோட்டை_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒவ்வொருத்தருக்கும் தனியா எழுத முடியல. கறுப்பு_குதிரை, உங்க பதிலை வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல, நைட்டு பரண்ல ஏறி அந்த ஷீல்டை எடுத்துட்டு வந்து தொடச்சு அவ டேபிள்ல வச்சுட்டார். அதுக்கு அவ, "அதை ஏன் இங்க வச்சீங்க, புக்கு வைக்க இடமில்ல"ன்னு கத்தினா. சினிமா மாதிரியெல்லாம் ஒண்ணும் நடக்கல.

நேரடியாவே கேட்டுட்டேன் அவகிட்ட, ஆடணுமா வேண்டாமான்னு. தம்பி வராத டோர்னமெண்ட்டா இருந்தா ஆடுறேன்னா. கோச்சை மாத்தலாமான்னு கேட்டேன், அதுவும் சரின்னா, லேடி கோச் இருந்தா நல்லாருக்கும்னு அவளே சொன்னா, அது என் மண்டைல தோணவே இல்ல. தெரிஞ்சவங்க மூலமா ஒரு காலேஜ் பிளேயர் பொண்ணு கிடைச்சிருக்கு, ஆன்லைன்ல எடுக்குறேன்னு சொல்லியிருக்கு, ஃபீசும் கம்மிதான். பையனுக்கு ரேட்டிங் டோர்னமெண்ட் இந்த வருஷம் வேண்டாம்னு தோணுது, கொங்கு_அப்பா சொன்ன நாலு மணி நேரம் அவனால முடியாது, சோறு திங்கவே உக்கார மாட்டான். இதைக் கோச்கிட்ட சொன்னப்போ அவருக்கு முகம் வாடிப்போச்சு, பரவாயில்ல.

வீட்டுக்காரர் கேள்வி கேக்குறதுதான் இன்னும் நிக்கல. பசிக்குதான்னு கேட்டுட்டு அடுத்த நிமிஷமே "அப்புறம், என்னாச்சு?"ங்கறார். போகப் போகப் பாப்போம்.

ஆர்பிட்டர் சார், ஒரு சந்தேகம். பொண்ணு அண்டர் 13 கேர்ள்ஸ் டிஸ்ட்ரிக்ட் செலெக்ஷன் ஆடணும்ங்கறா. அவ டிசம்பர்ல பொறந்தவ. வயசு எந்தத் தேதிக்குப் பாப்பாங்க? அதோட ரெஜிஸ்ட்ரேஷன் தனியா பண்ணணுமா?

ஆர்பிட்டர்_அண்ணன்:

அந்த வருஷம் ஜனவரி 1ம் தேதிக்குப் பாப்போம். அன்னிக்கு 13 முடியாம இருந்தா ஆடலாம். டிசம்பர்ல பொறந்தவங்களுக்கு இதுல கொஞ்சம் நஷ்டம்தான், அதே கேட்டகரில ஜனவரியில பொறந்த பொண்ணு கிட்டத்தட்ட ஒரு வயசு பெரியவளா எதிர்ல உக்காருவா, அதை மனசுல வச்சுக்கோங்க.

ரெஜிஸ்ட்ரேஷன் வருஷா வருஷம் பண்ணணும், ஸ்டேட் அசோசியேஷனுக்கும், அகில இந்திய செஸ் சம்மேளனமான ஏஐசிஎஃப்புக்கும். ஃபார்ம் ஆன்லைன்லயே இருக்கு, பர்த் சர்டிபிகேட், போட்டோ வேணும். ஆதார்லயும் பர்த் சர்டிபிகேட்லயும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கான்னு முதல்ல பாருங்க, வருஷா வருஷம் கடைசி நாள்ல வந்து மாட்டுறது இதுலதான். செலெக்ஷன் தேதி உங்க மாவட்ட அசோசியேஷன்ல கேட்டா சொல்லுவாங்க. பொண்ணுக்கு பேனா ரெண்டு குடுத்தனுப்புங்க, நோட்டேஷன் எழுதுறப்போ ஒண்ணு கண்டிப்பா எழுதாது. ஏசி ஹால்னா ஸ்வெட்டரும்.